ஒன்பது இடங்களில் ஒரு வரி

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி மூன்றாவது நாளாகக் காயவில்லை. அறை முழுக்க ஈர வாடை.

பதினொரு மணிக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. நாகர்கோவில் பஸ் கண்டக்டரிடம் புரூஃப் கட்டு வாங்கினேன். பதிப்பகத்தில் இன்றும் இதுதான் வழக்கம். திருத்தங்களைத் தாளில் பேனாவால் போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, காலை பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கண்டக்டர் என்று தேட வேண்டும். மெயிலில் அனுப்புங்கள் என்று நாலு தடவை சொல்லியாயிற்று. "கண்ணு தாள்லதான் நிக்கும் தம்பி" என்கிறார் முதலாளி.

கண்டக்டர்: "என்ன சார் இது, வாராவாரம் வருது. ஜாதகமா?"

"புக்கு. வீட்டு வயரிங் கையேடு."

"இன்னும் எழுதி முடிக்கலியா?"

"முடிச்சு ஆறு மாசம் ஆச்சு."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இது நான்காம் சுற்று. எடிட்டர்கள் இரண்டு பேர். தங்கப்பன் சார் (த.சா., பச்சை மை). பிரேமா மேடம் (பி.மே., சிவப்பு மை). முதல் சுற்றில் அத்தியாயங்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் புதுக் கண் பார்க்க வேண்டும் என்பது முதலாளி போட்ட விதி. ஆகவே ஒருவர் செய்ததை மற்றவர் கலைப்பார். மறு சுற்றில் அது திரும்பி வரும். சர்க்யூட்டில் இப்படி நடந்தால் ஆஸிலேஷன் என்போம். ஒரு ரெசிஸ்டர் போட்டு அடக்கிவிடலாம். இங்கே எங்கே போடுவது.

அத். 5, சீலிங் ஃபேன். போன சுற்றில் த.சா. பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் போடச் சொன்ன வரியை இந்தச் சுற்றில் பி.மே. முழுசாக அடித்திருக்கிறார். ஓரத்தில்: "முன்பே சொல்லியாயிற்று."

அந்த வரி இது: *மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.*

ஒன்பது அத்தியாயங்களின் தொடக்கத்தில் இதை வைத்திருக்கிறேன். வேண்டுமென்றேதான். வயரிங் படிப்பவன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ஃபேன் ரிப்பேர் என்றால் ஃபேன் பக்கத்தைத் திறப்பான். பழைய புத்தகங்களில் எல்லாம் மெயினை அணை, வேலையைத் தொடங்கு, அவ்வளவுதான். அவை எழுதிய காலத்தில் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. இன்வெர்ட்டர் கம்பெனியில் இரண்டு வருடம் சர்வீஸ் எஞ்சினியராக இருந்தேன். மெயினை அணைத்துவிட்டு நம்பிக் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இந்தப் புத்தகம் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காக. மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஜூன் 4, புதன்

மழை விட்டு விட்டு. இடது கடைவாயில் பல்வலி.

சுவரில் ஒட்ட ஒரு பட்டியல்:

எண்கள் – த.சா. எழுத்தால். பி.மே. இலக்கத்தால். (அத். 3-இல் த.சா.வே இலக்கம் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "அது அளவு தம்பி, இது எண்ணிக்கை.")
டெஸ்டர் – பி.மே. அப்படியே. த.சா. மின்சோதிப்பான்.
வாக்கியம் – த.சா. நீளமாக, கோவையாக. பி.மே. குட்டையாக.
வாசகரை நீங்கள் என்று அழைப்பது – பி.மே. வேண்டும், இரண்டாம் சுற்றில் வேண்டாம், இப்போது மறுபடி வேண்டும்.
ஒரே வரி மறுபடி வருவது – பி.மே. கூடவே கூடாது. த.சா. "தேவைப்பட்டால்." எப்போது தேவை என்று சொல்வதில்லை.

உங்கள் பதிப்பகத்துக்கென்று எழுதி வைத்த நடை விதி ஏதாவது இருக்கிறதா என்று போனில் பி.மே.யிடம் கேட்டேன்.

"எழுதி வெச்சாத்தான் விதியா? இருவத்திரெண்டு வருசமா பாக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தங்கப்பன் சாருக்கு வேற விதி இருக்கே மேடம்."

"அவிய பள்ளிக்கூடத்துக்குப் பாடப்புத்தகம் பாத்தவிய. அந்தக் கை இன்னும் போவல."

"நான் யார் சொல்றத கேக்கணும்?"

"ரெண்டு பேரும் சொல்லியத கேளுங்க. அதுக்குத்தான ரெண்டு பேரு."

பிறகு அந்த வரி. "ஒரே வரி ஒம்பது எடத்துல வந்தா அது புக்கா, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பா? நீங்களே சொல்லுங்க."

ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பை ஒரு தடவை சொன்னால் போதுமா என்று கேட்டேன். லைன் கட் ஆயிற்று. நெட்வொர்க்கா, அவரேவா, தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. இன்றைய ஒரே நல்ல சேதி.

கீழ் அறை சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். வள்ளியூர்க்காரர், இந்த ஊரில் பதினைந்து வருடமாக வயர்மேன். புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் படித்தவர். அவருக்குப் புரியாத வாக்கியத்தை நான் வைப்பதில்லை.

த.சா. திருத்திய பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார். நிறுத்தினார்.

"மின்சோதிப்பான்னா எது தம்பி? மீட்டரா?"

"டெஸ்டர்."

"டெஸ்டரா. சவத்த, அதச் சொல்ல வேண்டியதான. நான் எதோ புதுசா மிசினு வந்திருக்குன்னு பாத்தேன்."

"எடிட்டருக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"அந்தாளு ஸ்டூல்ல ஏறி நின்னுக்கிட்டு, கீழ நிக்கவன்கிட்ட 'ஏல, அந்த மின்சோதிப்பான எடு'ன்னு ஒருக்கா கேக்கட்டும். பாப்போம், கேட்டோ."

சாயங்காலம் பெங்களூர் ஏஜென்சியிலிருந்து மெயில். அவர்களுக்கு மிக்ஸி, ரைஸ் குக்கர் விளக்கத்தாள்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். நாற்பது பக்க நடைக் கையேடு அவர்களே அனுப்பியது. வரிக்கு வரி அதன்படி எழுதினேன். எல்லாம் தவறு என்று திரும்பி வந்திருக்கிறது. கையேட்டின் பதினேழாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில்: அந்தக் கையேடு பார்வைக்கு மட்டும். ரெவ்யூவர் மாறிவிட்டார்.

எனக்கு ஒரு இயந்திரத்தைக் கொடுங்கள். என்ன போட்டால் என்ன வரும் என்று தெரிந்த இயந்திரம். மனிதர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று எந்த நேரத்தில் நினைத்தேனோ.

ஜூன் 10, செவ்வாய்

மழை. பல்வலிக்கு மாத்திரை.

முதலாளி போன். விதுராவில் ஒரு பயிற்சி மையம், எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் வயரிங் வகுப்பு நடத்துகிறார்கள். நாற்பது பிரதி கேட்டிருக்கிறார்கள். வகுப்பு தொடங்கிவிட்டது. "நாளைக்கு ஃபைல் வராட்டி இந்த வருசம் புக்கே வேண்டாம்." இரண்டு எடிட்டர்களையும் அதே லைனில் கூப்பிட்டார். ஒரு மணி நேரம். முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே காதில்.

முடிவானவை: இலக்கம். நீங்கள். குட்டை வாக்கியம். மின்சோதிப்பான் (த.சா. இதில் மட்டும் விடவில்லை). திரும்ப வரும் வாக்கியம் எல்லாவற்றையும் நீக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் வரிக்காகச் சண்டை. கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். "மேடம், ஒருத்தன் செத்தா நடை நல்லாருக்குன்னு அவன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்வீங்களா?" பிறகு பி.மே. தணிந்த குரலில், "அத மட்டும் விட்டுருங்க. ஒம்பது எடத்துலயும் இருக்கட்டும்." த.சா.: "பெட்டி போட்டு."

ஜெயித்தேன். நான்கு சுற்றில் ஜெயித்த ஒரே விஷயம்.

கையால் மாற்றினால் ஒரு வாரம். ஸ்கிரிப்ட் எழுதினேன். சொற்களை மாற்றும், எண்களை மாற்றும், இரண்டாம் தடவை வரும் எந்த வாக்கியத்தையும் தூக்கிவிடும். விலக்குப் பட்டியல் என்று தனி ஃபைல் ஒன்று. அதில் உள்ள வரியைத் தொடாது. இப்போதைக்கு அதில் ஒரே வரி. ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது இடத்திலும் இருக்கிறது, எண்ணினேன். பதினொரு அத்தியாயம், நாலு நொடி.

ஜூன் 11, புதன்

பன்னிரண்டு மணிக்கு த.சா. போன்.

"தம்பி, ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். டெஸ்டர்னே இருக்கட்டும்."

"சார்."

"பேரன்கிட்ட கேட்டேன். அவனுக்கே வெளங்கல."

வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தையாகத்தான் வந்திருக்கும். ஒரு மணிக்குள் ஃபைல் வேண்டும் என்று முதலாளி. பழைய மூலத்தைப் புது ஃபோல்டரில் போட்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினேன். 12.50-க்கு அனுப்பினேன். போயிற்று. தொலைந்தது.

பழவங்காடி வரை சும்மா நடந்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம் ரோடு வரை. ஒரு ஆள் கூடை நிறையத் தேங்காயை ஒவ்வொன்றாக, வேலை போல, முகத்தில் ஒன்றுமே இல்லாமல் உடைத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கும் ஒன்று உடைக்க வேண்டும்போல இருந்தது. நேர்ச்சை, வேண்டுதல் எதற்கும் இல்லை.

ஜூன் 25, புதன்

பதினாலு நாளாக எழுதவில்லை. பல் பிடுங்கியாயிற்று.

தம்பானூரில் கண்டக்டரிடம் பத்துப் பிரதி. நல்ல அட்டை. முதுகில் என் பெயர். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே திறக்கவில்லை. ஆறு மாதம் பார்த்த எழுத்து, இன்னும் என்ன பார்க்க.

முதல் பிரதி அண்ணாச்சிக்கு. அவர் நேராக ஃபேன் பக்கத்தைத் திறந்தார். எனக்குச் சந்தோஷம், சொன்னேனே, இப்படித்தான் திறப்பார்கள்.

புரட்டினார். திரும்பப் புரட்டினார்.

"தம்பி, அந்த இன்வெர்ட்டர் சங்கதி எங்க?"

"மேல இருக்கும். பெட்டில."

"பெட்டியும் இல்ல, சட்டியும் இல்ல. பாரும்வே."

வாங்கிப் பார்த்தேன். அத். 5: *மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி ஃபேனின் மேல் மூடியைக் கழற்றுங்கள்.* அவ்வளவுதான். அத். 6 இல்லை. 7 இல்லை. பல்ப் ஹோல்டர் இல்லை. சுவிட்ச் போர்டு இல்லை. முதல் அத்தியாயத்தில், யாரும் படிக்காத பாதுகாப்புப் பொது விதிகளில், ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. ஒன்பதில் ஒன்று.

மேலே ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. அன்று புது ஃபோல்டருக்கு விலக்குப் பட்டியலைக் கொண்டு போகவில்லை. அது பழைய ஃபோல்டரிலேயே உட்கார்ந்திருக்கிறது. பட்டியல் இல்லாவிட்டால் நிறுத்து என்று ஸ்கிரிப்டில் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது: இல்லாவிட்டால் பேசாமல் மேலே போ. ஒரு ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையை நான் எழுதவில்லை. எலெக்ட்ரிகல் எஞ்சினியர்.

சிவப்பு மையும் இல்லை, பச்சை மையும் இல்லை. நான்.

படி ஏறி வந்த அண்ணாச்சி வாசலில் நின்றார். "இதப் படிக்கவன் மெயின ஆஃப் பண்ணிட்டு நம்பிக் கைய வைப்பானே."

"ஆமா."

"வித்தாச்சா?"

"தெரியல."

முதலாளிக்குப் போன். விதுராவுக்கு நாற்பது பிரதி பதினெட்டாம் தேதியே போய்விட்டது. எழுதினவனுக்குக் கடைசியில்தான் வரும், அது வழக்கம்.

ஜூன் 26, வியாழன்

நாகர்கோவில். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

பதிப்பகம் மாடியில். ஒரே மேசையின் இரு பக்கம் த.சா.வும் பி.மே.யும். நடுவில் அகராதிகள். ஆறு மாதமாகச் சண்டை போட்டவர்களை முதல் தடவை சேர்ந்து பார்க்கிறேன். ஒரே டப்பாவில் முறுக்கு சாப்பிடுகிறார்கள்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என் ஸ்கிரிப்ட், என் தவறு. நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள், நான் தூக்கிவிட்டேன்.

பி.மே. அத்தியாயம் ஐந்தைத் திறந்து நின்றபடியே படித்தார். "நான் அச்சுக்கு முன்ன ஒருக்கா படிச்சேம்லா. நீங்களே மனசு மாறி எடுத்துட்டீயன்னு நெனச்சேன்." பக்கத்தைத் திருப்பியபடி, "படிக்க நல்லா ஓடிச்சு, தம்பி."

அதைவிட அவர் என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்.

த.சா.: "பெட்டி இல்லியேன்னு எனக்கும் பட்டுது. அவிய சுத்துதானன்னு விட்டுட்டேன்."

ஆக இரண்டு பேருமே பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருமே அடுத்தவர் கை என்று விட்டிருக்கிறார்கள். நான் பார்க்கவே இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாளி: கட்டுப் பிரிக்காத பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டலாம். விதுராவுக்கும் சீட்டை அனுப்பலாம். "எழுதித் தாங்க, இவிய ரெண்டு பேரும் பாத்துத் தருவாவ."

அங்கேயே எழுதினேன். மூன்று வரி. த.சா. பேனாவை எடுத்தார். 'திருத்தம்' என்பதா 'பிழை திருத்தம்' என்பதா என்று கேட்டார். பி.மே. 'சேர்க்கை' என்றார், பிழை என்று பதிப்பகமே சொல்லலாமா என்று. நான் எழுந்துவிட்டேன். "ரெண்டு நாள்ல அனுப்புதோம்" என்றார் முதலாளி. சீட்டுக்கும் சுற்று உண்டாம். இவர் பார்த்து அவருக்கு, அவர் பார்த்து இவருக்கு.

ஜூன் 28, சனி

மழை. கண்டக்டர் நீட்டிய கவரில் ஒரே தாள். சீட்டு, முதல் சுற்று. மூன்று வரி ஏழு வரியாகியிருக்கிறது. "இந்நூலின் பயனாளர்கள் கருத்தில் கொள்ளத்தக்க" என்று தொடங்குகிறது. பச்சை.

திருப்பி அனுப்பினேன். மூன்று வரி போதும் என்று மேலே எழுதி.

"என்ன சார், புக்கு வந்தாச்சுன்னீங்க, இன்னும் ஓடுது?" என்றார் கண்டக்டர்.

விதுரா மையத்துக்கு இரண்டு நாளாக அடிக்கிறேன். ரிங் போகிறது, எடுக்க ஆள் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

சீட்டு, இரண்டாம் சுற்று. இரண்டு வரி. டெஸ்டரைப் பற்றிய வாக்கியம் போய்விட்டது. ஓரத்தில்: "முதல் அத்தியாயத்தில் இருக்கிறது." சிவப்பு.

தாளை மடித்தேன். கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. காபி ஆறிப் போயிருந்தது.

நாலு மணிக்கு மையத்தில் போனை எடுத்தார்கள். ஷீலா டீச்சர், வயரிங் வகுப்பு அவர்தான். மலையாளி, பிள்ளைகளுக்காகத் தமிழ் பேசப் பழகியவர்.

"சாரே, புக்கு நல்ல புக்கு. பிள்ளைங்களுக்கு வேகம் மனசுல ஆகுது, நல்லா புரியுது. ஃபேன், பல்ப் ரெண்டும் முடிஞ்சு."

"முடிஞ்சுதா?"

"டெஸ்ட்டும் வெச்சாச்சு."

என்ன விட்டுப்போயிற்று என்று சொன்னேன். பின்னால் யாரோ சுத்தியல் அடிக்கிற ஓசை கேட்டது.

"ஐயோ சாரே. இங்க கிளாஸ்ல இன்வெர்ட்டர் இல்லல்லோ. அதான் எனக்கும் தோணல."

நாளைக்கு வருகிறேன் என்றேன். சீட்டு வரும்போது வரட்டும்.

ஜூலை 2, புதன்

விதுரா. காலை பஸ், நெடுமங்காடு தாண்டி மழை மூட்டம். பையில் மார்க்கர், பேனா இருபது, என் பத்துப் பிரதியில் மிச்சம் ஒன்று.

வகுப்பில் முப்பத்தொன்பது பேர். பதினெட்டு, இருபது வயது. போணக்காடு பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் பாதிக்கு மேல். போர்டில் வரியை எழுதினேன், நான் முதலில் எழுதியபடியே. எட்டு அத்தியாயத்திலும் தலைப்புக்குக் கீழே எழுதச் சொன்னேன். ஒவ்வொரு பிரதியையும் வாங்கிப் பார்த்தேன்.

பின் பெஞ்சில் ஒருவன்: "சார், அப்ப மெயின் எதுக்கு சார் இருக்கு?"

"அதையும் அணைக்கணும். அணைச்சிட்டு டெஸ்டரும் பாக்கணும்."

"டெஸ்ட்ல கேட்டாங்க சார். மெயினை அணைத்தால் வீட்டில் எங்கும் மின்சாரம் இருக்காது, சரியா தவறான்னு. சரின்னு போட்டேன். மார்க்கு குடுத்தாங்க."

ஷீலா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பக்கத்துல இருந்தவன் தவறுன்னு போட்டான் சார். அவனுக்கு மார்க்கு இல்ல."

"ஏன் தவறுன்னு போட்ட?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன்.

"சும்மா குருட்டடி சார்." வகுப்பே சிரித்தது. அவனும்.

ஒரு மணிக்கு முடிந்தது. முப்பத்தொன்பது. நாற்பதாவது பிரதி எங்கே என்றேன். செல்வி என்று ஒரு பெண் கொண்டு போயிருக்கிறாள். போன வாரத்திலிருந்து வரவில்லை. "நல்ல மிடுக்கி சாரே, கெட்டிக்காரி. கிளாஸ்ல ஃபர்ஸ்ட். வீட்டுல ஸ்டூல்ல இருந்து வீழுந்து கை ஒடிஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு முழுசும் அறியாது."

வழி கேட்டுக்கொண்டு நடந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடையை ஒட்டிய வீடு. அவள் சித்தி வீடு, கடையும் சித்தியுடையதே. வகுப்புக்காக எஸ்டேட்டிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கிறாள். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது மூலையில் இன்வெர்ட்டர். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே கொக்கி மட்டும், ஃபேன் இல்லை.

இருபது வயது இருக்கும். வலது கையில் மாவுக்கட்டு, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டில். புத்தகம் எழுதினவர் என்றதும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எப்பிடி விழுந்தீங்க?"

"ஓடாத ஃபேனு சார். கழட்டிப் பாப்போம்னு ஏறினேன். நான்தான் சார் கவனமில்லாம."

சித்தி கடையிலிருந்து: "கரண்டு அடிச்சு எறிஞ்சிருச்சு. பொட்டப் புள்ளைக்கி இந்த வேல எதுக்குன்னு அப்பவே சொன்னேன். இவ அம்மா கேட்டாத்தான?"

"மெயின் ஆஃப் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார். புக்குல போட்ட மாதிரி." யோசித்தாள். "பண்ணேன்னுதான் நெனச்சேன். சரியா பண்ணலியோ என்னமோ. பண்ணியிருந்தா எப்பிடி கரண்டு வரும்?"

மூலையைக் காட்டினேன். மெயினை அணைத்தாலும் அந்தப் பெட்டி ஃபேனுக்கும் விளக்குக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்றேன். நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. புத்தகத்தில் இருக்க வேண்டிய வரி இல்லை. அதை விட்டது நான். எட்டு இடத்தில் விட்டேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன், சுற்றி வளைக்கவில்லை.

கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

"பரவால்ல சார். இவ்ளோ தூரம் வந்து எனக்காகச் சொல்றீங்க."

"உங்களுக்காகச் சொல்லல. நடந்தது அதுதான்."

"புக்கு தப்பா இருக்குமா சார்?" சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "மத்தவங்க யாருக்கும் அடிக்கலியே."

மற்றவர்கள் யாரும் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் இன்னும் கை வைக்கவில்லை என்றேன். சித்தி எட்டிப் பார்த்து, "நீங்க நல்ல மனசுல சொல்றீங்க சார், அவளுக்கு இது வேண்டாம். முந்திரிக் கொட்டை உடைக்கிற ஆபீஸ்ல சேத்து விடுறோம், கட்டுப் பிரிச்சதும்" என்றார்.

பேனாவை எடுத்து, புத்தகத்தைக் கொடுங்கள், அந்த வரியை எழுதித் தருகிறேன் என்றேன்.

உள்ளே போய் எடுத்து வந்தாள். செய்தித்தாளில் அட்டை போட்டு, மேலே பெயர் எழுதி வைத்திருந்தாள். இடது கையால் என்னிடம் நீட்டினாள்.

"டீச்சர்கிட்ட குடுத்துருங்க சார். வேற யாராச்சும் படிக்கட்டும்."